கடைசிப் பத்தி

வான்மதிக்கு நாற்பத்தோராயிரம் வாசகர்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு, தமிழில் எழுதி, வாரம் ஒரு கடிதத்துக்கு இத்தனை பேரைச் சேர்ப்பதென்றால் சும்மா இல்லை. இருபது வருஷம் வணிகப் பத்திரிகை நிருபராக ஸ்கூட்டரில் தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாகச் சுற்றியவள். பத்திரிகையை இழுத்து மூடியதும் தனியாளாக ஆரம்பித்த கடிதம் அது. எந்தத் தொழில் எங்கே போகிறது, புதிதாக வந்த நுட்பம் யார் வேலையைத் தின்கிறது, இணையத்தில் ஜனங்கள் இந்த மாதம் எதன் பின்னால் ஓடுகிறார்கள் என்று தன் கண்ணில் பட்டதை எழுதுவாள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கடிதம் போகும். ஆறு ஐந்துக்கெல்லாம் முப்பத்தெட்டாயிரம் பேர் படித்து முடித்துவிட்டதாகத் திரை காட்டும். ஐந்து நிமிஷத்தில் எப்படி என்று அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பாராட்டு வருகிற இடத்தில் மூளை கொஞ்சம் லீவு போட்டுவிடும். எல்லோருக்கும் அப்படித்தான்.

அது 2043. சுருக்கி இல்லாத ஆளே கிடையாது. நமக்கு வருகிற கடிதம், செய்தி, அறிக்கை எல்லாவற்றையும் நமக்குப் பதில் அது படித்துவிட்டு, இரண்டு வரியில் காதில் சொல்லும். கேட்டால், அந்த இரண்டு வரியை வைத்து என்ன செய்யலாம் என்றும் சொல்லும். இதைப் பற்றியே வான்மதி நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறாள். ஆனால் சுருக்கியெல்லாம் மற்றவர்கள் எழுதுவதற்குத்தான், தன் கடிதத்தை மட்டும் ஜனங்கள் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பைக் கலைக்க ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மைதிலி வந்தாள்.

கதவைத் திறந்தபோது நாற்பது வயதுக்குள் ஒரு பெண், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே நின்றிருந்தாள்.

"வான்மதிங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமா. உள்ள வாங்க."

"உள்ள வர்றதுக்கு வரலீங்க. இருபத்திமூணு பேரு சோத்துல மண்ணள்ளிப் போட்டவங்க எப்படி இருப்பாங்கன்னு ஒரு தடவ நேர்ல பார்த்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். பொன்னூத்து கிரைண்டர்ஸ் கம்பெனியின் அறிவிப்புப் பலகையிலிருந்து பிய்த்து வந்தது, மூலையில் குண்டூசி கிழித்த ஓட்டை இருந்தது. 'தொழில் ஆலோசகர் திருமதி வான்மதி அவர்கள் தமது கடிதத்தில் பரிந்துரைத்துள்ளபடி, வாடிக்கையாளர் தொலைபேசிப் பிரிவு வரும் திங்கள் முதல் மூடப்படுகிறது. இனி அனைத்து அழைப்புகளையும் இயந்திரக் குரல் ஏற்கும்.'

வான்மதி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "நான் மூடச் சொல்லலையே! மூடக்கூடாதுன்னுதானே எழுதினேன்?"

"எங்க ஓனரு சுருக்கி மூடச் சொல்லீட்டீங்கன்னுதான் சொல்லுச்சு. என்ற சுருக்கியும் அதேதான் சொல்லுச்சு. எங்க ஊட்டுக்காரரு சுருக்கிகிட்டயும் கேட்டுப் பார்த்துட்டனுங்க."

"நீங்க அந்தக் கடிதத்தப் படிச்சீங்களா?"

"படிக்கறதுங்களா?" மைதிலி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "இப்பெல்லாம் யாருங்க படிக்கறாங்க?"

வான்மதி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, கடிதத்தைத் திரையில் திறந்து முன்னால் வைத்தாள். மைதிலி உதடு அசைய அசையப் படித்தாள். தொலைபேசிக்கு ஆள் வைப்பது ஏன் பழைய பழக்கம், இயந்திரக் குரல் எப்படிச் சலிக்காமல் பேசும், எந்தெந்தக் கம்பெனி அதற்கு மாறி நிமிர்ந்தது என்று ஒன்பது பத்தி. படிக்கப் படிக்க அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது. பத்தாவது பத்திக்கு வந்தாள்.

'இத்தனையும் உண்மை. ஆனாலும் மூடாதீர்கள். கம்பெனிக்குள் நடப்பதைச் சொல்ல ஆயிரம் அறிக்கை உண்டு. உங்கள் சரக்கை வாங்கிப் போனவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க இருக்கிற ஒரே காது அந்தத் தொலைபேசி மேசைதான். அதை அறுத்துவிட்டு அழகாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.'

மைதிலி நிமிர்ந்தாள். கோபம் போய், அதைவிடச் சங்கடமான ஏதோ ஒன்று முகத்தில் வந்திருந்தது. "இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் வான்மதி கடிதம் எழுதுகிற முறை அப்படி. கோவைப் பக்கத்தில் தொழிலதிபரைப் பேட்டி காணப் போனால் ஒரு மணி நேரம் மழையையும் மார்க்கெட்டையும் பேசுவார்கள். வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்து, ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யும்போதுதான் "அப்புறம் ஒண்ணுங்க" என்று அசல் சேதி வரும். இருபது வருஷம் அப்படியே சேதி சேகரித்தவளுக்கு எழுத்தும் அப்படியே படிந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரன் வாதத்தை அவனைவிட நன்றாக ஒன்பது பத்தி எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் தன் மனதைச் சொல்வாள். அதை நடுநிலை என்று நினைத்துப் பெருமையும் பட்டுக்கொள்வாள்.

இம்தியாஸை ஃபோனில் கூப்பிட்டாள். பத்திரிகை நாட்களில் பக்கத்து மேசைக்காரன், இப்போது சென்னையில் சுருக்கி செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறான். மைதிலியும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"பத்து பத்தியா?" என்று அவன் இழுத்தான். "ஆறோ ஏழோ படிச்சதும் அது நிறுத்திக்கும், வான்மதி."

"ஏன்?"

"படிக்கிறதுக்கும் மின்சாரம் செலவாகுதே. இப்ப எழுதுறவங்க எல்லாரும் சுருக்கிக்காகத்தான் எழுதுறாங்க, விஷயத்தை முதல் வரியிலயே வச்சிடுறாங்க. மேல இருக்கிறதுதான் கீழயும் இருக்கும்னு அது கத்துக்கிச்சு. ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது. உன்னை மாதிரி கடைசியில திருப்புறவங்க யாரும் இல்லப்பா."

"அப்ப என்னோட நூறு கடிதம்?"

"எல்லாம் அப்படித்தான் போயிருக்கும்."

"மனுஷங்களா திறந்து படிச்சவங்க எத்தனை பேரு? உன்னால பார்க்க முடியும்னு எனக்குத் தெரியும்."

"வேணாம், விடு."

"சொல்லு, இம்தியாஸ்."

"போன வாரம் பதினேழு."

வான்மதி அந்த அறிவிப்பை மடித்துத் தன் பையில் வைத்தாள். பதினேழு என்ற எண்கூட இரண்டாம்பட்சம். இந்த இரண்டு வருஷத்தில் எதையெல்லாம் கூடாது என்று எழுதினாள்! உள்ளூர் நிருபர்களை வீட்டுக்கு அனுப்பாதே, முகம் பார்க்காமல் ஆளை வேலைக்கு எடுக்காதே, வாடிக்கையாளர் திட்டுவதை வடிகட்டாதே. அத்தனையும் செய், செய், செய் என்று நாற்பதாயிரம் காதுகளுக்குப் போயிருக்கிறது. அதுவும் அவள் பெயரோடு. எத்தனை வாசலில் எத்தனை மைதிலிகள் நின்றார்களோ, அவளுக்குத் தெரியாது. அழுகை வந்தது, அழுதாள்.

மைதிலி எழுந்து போய், கேட்காமலே சமையலறையில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். "இப்ப அழுது என்னங்க ஆகப்போவுது? மறுப்பு எழுதுங்க. இப்பவே."

எழுதினாள். 'மூடச் சொல்லவில்லை. என் கடிதம் தவறாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது' என்று முழுசாக விளக்கி அனுப்பிவிட்டு, மைதிலியின் சுருக்கி என்ன சொல்கிறது என்று இருவரும் காத்திருந்தார்கள். அது சொன்னது: 'வான்மதி தமது முந்தைய கருத்தையே மீண்டும் விளக்குகிறார். புதிய தகவல் இல்லை.'

இரண்டாவது தடவை ஒரே வரி. 'தொலைபேசிப் பிரிவை மூடாதீர்கள். வான்மதி.' இதைச் சுருக்க என்ன இருக்கிறது? சுருக்கி யோசித்துச் சொன்னது: 'இந்தக் கருத்து வான்மதியின் நூறு கடிதங்களுக்கு முரணானது. அவர் பெயரில் வேறு யாரோ எழுதிய போலிக் கடிதமாக இருக்கலாம். பொருட்படுத்த வேண்டாம்.'

வான்மதியின் முகத்தில் ஈயாடவில்லை. மைதிலிக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அடக்கத்தான் பார்த்தாள். "அக்கா, நீங்க நீங்க இல்லியாமா!"

அந்த 'அக்கா' வந்ததில் வான்மதிக்கும் மூச்சு திரும்பியது. "உங்க ஓனரை நேர்ல பார்க்க முடியுமா?"

"நேரம் கேட்டா அவரு சுருக்கி உங்க சுருக்கிகூடப் பேசி, தேவையில்லைன்னு ரெண்டும் முடிவு பண்ணீரும். ஆனா வெள்ளிக்கெழம காலைல டெஸ்டிங் ஷெட்ல நிப்பாருங்க. ஓடற கிரைண்டர் சத்தத்த அவரே காதால கேட்டாத்தான் லோடு ஏத்த உடுவாரு. அங்க போயிறலாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனார்கள். நீளமான ஷெட்டில் வரிசையாக நாற்பது கிரைண்டர்கள் தண்ணீர் ஊற்றி ஓடிக்கொண்டிருந்தன. ஓனர் மோகனசுந்தரம் அறுபதை நெருங்குகிறவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தலையைச் சாய்த்துக் கேட்டபடி வந்தார். வான்மதியைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாங்க அம்முணி, வாங்க. ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? உங்க லெட்டரு வாரா வாரம் தவறாம கேட்டர்றனுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் தைரியமா இந்த முடிவே எடுத்தனுங்க."

வான்மதியின் பின்னால் நின்ற மைதிலியை அவர் கவனிக்காத மாதிரி இருந்தார். டீ வந்தது. வான்மதி நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. காதைத் தொட்டு, சுருக்கியிடம் மறுபடி கேட்டுப் பார்த்தார். பிறகு வான்மதி நீட்டிய திரையை வாங்கிக்கொண்டார்.

"நானே படிக்கோணுங்களா?"

"ஆமாங்க. கடைசி வரைக்கும்."

மூன்று வருஷமாக எதையும் படிக்காத மனிதர். இரண்டு வரி படித்ததும் கண் தானாகக் கிரைண்டர் பக்கம் போனது. திரும்ப வந்தார். நடுவில் ஒருதரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது நிமிஷம் ஆனது. வான்மதி தன் எழுத்தை ஒரு முதலாளி படிக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை, அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

படித்து முடித்து அவர் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க அம்முணி. மூடக்கூடாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க, சரிதான். ஆனா மூடலாம்னு சொல்ற ஒம்பது பத்தி நல்லா கனமா இருக்குது. மூடாதேங்கற பத்தி பலகாரத்துக்கு மேல தூவுன சர்க்கரையாட்ட இருக்குதுங்க. முழுசாப் படிச்சிருந்தாலும் நான் மூடத்தான் செஞ்சிருப்பேன்."

வான்மதிக்குச் சுரீரென்றது. சுருக்கியைத் திட்டிக்கொண்டே வந்தவளுக்கு இப்போது திட்ட ஆள் இல்லை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, எந்தக் கதவும் சாத்திக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில்தான் அவள் தன் மனதில் பட்டதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் இத்தனை வருஷமாக நடுநிலை என்று பேர் வைத்திருந்தாள்.

"நீங்க சொல்றது சரிங்க," என்றாள். "அந்த மேசையில என்ன நடக்குதுன்னு எனக்கே ஒழுங்காத் தெரியாது. அங்க உட்கார்றவங்களக் கேக்காமலே எழுதிட்டேன். மைதிலியைச் சொல்லச் சொல்லுங்க."

மோகனசுந்தரம் முதல் தடவையாக மைதிலியைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லும்மா."

மைதிலி ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், ஒரு மாசமா பாதி ஃபோன இயந்திரக் குரல்தான எடுக்குது? அது நல்லாத்தான் பேசுதுங்க சார், கொறை சொல்ல முடியாது. பெல்ட் போச்சுன்னா உடனே பெல்ட்டுக்கு ஆள் அனுப்பிட்டு, நன்றி சொல்லி வெச்சர்றது. ஆனா நம்ம ஜனங்க அப்படிங்களா பேசுவாங்க? பெல்ட்டச் சொல்லி, உளுந்து விலையச் சொல்லி, மக கல்யாணத்தச் சொல்லி, ஃபோன வெக்கப் போறப்பத்தான் சொல்லுவாங்க, 'அப்புறம் ஒண்ணுங்க, மாவு வழிக்கறப்ப கையில லேசா சுர்ருங்குது'ன்னு."

மோகனசுந்தரத்தின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "எந்த மாடலு?"

"புது மாடலுங்க. எங்க மேசைக்கு மட்டும் பதினோரு பேரு சொல்லிட்டாங்க. இயந்திரக் குரல்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லல, சொல்றதுக்குள்ள அது வெச்சர்றதுங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"மூணு வாரமா அறிக்கையில எழுதறனுங்க சார். கடைசி வரியா எழுதினேன்." அவள் குரல் இறங்கியது. "எடுத்த எடுப்புல உங்க புது மாடலு ஷாக் அடிக்குதுன்னு எழுதப் பயமா இருந்துச்சுங்க."

அவர் எழுந்தார். வாளித் தண்ணீரில் கையை முக்கினார். "சார், வேண்டாங்க சார்" என்று எலெக்ட்ரீசியன் ஓடி வருவதற்குள் ஓடிக்கொண்டிருந்த முதல் கிரைண்டரின் டிரம்மில் கையை வைத்தார். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க," என்றார். சத்தம் நின்றதும் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. "லாரில ஏத்தினத எறக்குங்க. வித்த வீட்டுக்கெல்லாம் இன்னிக்கே ஃபோன் போட்டு, பிளக்கப் புடுங்கி வெக்கச் சொல்லுங்க. இயந்திரக் குரல்ல வேண்டாம். மனுஷங்க பேசுங்க."

யார் பேசுவது என்று அவரே யோசித்த மாதிரி ஒரு கணம் நின்றார். மைதிலியிடம் வந்தார். "இருபத்திமூணு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க சார். திங்கக்கெழம வரைக்கும்."

"அந்த நோட்டீஸ் எங்க?"

வான்மதி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நான்காகக் கிழித்து, வாளித் தண்ணீரிலேயே போட்டார். "யார் ஊட்டுக் கொழந்தைக்காவது ஏதாவது ஆயிருந்தா…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எண்ணூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு இருபத்திமூன்று பெண்களும் பேசி முடித்தார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. எர்த் கம்பியைக் கடிக்கிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. ஞாயிற்றுக்கிழமை உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் மோகனசுந்தரம் எழுந்து, தன் கம்பெனியில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "வான்மதி அம்முணி லெட்டரக் கேட்டு யாராவது ஏதாவது மூடியிருந்தீங்கன்னா, தயவுபண்ணி அதக் கடைசி வரைக்கும் நீங்களே படிங்க. சந்தேகம்னா எங்க சர்வீஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க, அங்க ஆள் எடுப்பாங்க" என்றார். ஊரில் மனிதர் எடுக்கிற நம்பர் என்று சொல்ல அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமை வான்மதி மைதிலியின் பக்கத்து நாற்காலியில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் இங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு எழுதுகிறேன், மனதில் பட்டதை முதல் வரியிலேயே எழுதுகிறேன் என்று மோகனசுந்தரத்திடம் சொல்லியிருந்தாள். போலி என்று சுருக்கி சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். காலையிலிருந்து பெல்ட், கல், மோட்டார் என்றே அழைப்புகள் வந்தன. பதினோரு மணிக்கு ஒரு பெண் குரல்.

"கிரைண்டரு இல்லீங்க. கரூர்ல இருந்து பேசறனுங்க, போர்வை எக்ஸ்போர்ட். சங்கத்துல சொன்னாங்கன்னு எங்க அண்ணன் சொன்னாரு. அந்த லெட்டர் எழுதறவங்க இருக்காங்களா?"

"நான்தாங்க, வான்மதி."

"போன வருசம் உங்க லெட்டருன்னு சொல்லித்தான் எங்க ஆபீஸ்ல மூணு பேர நிறுத்தினனுங்க. நேத்து உக்காந்து முழுசாப் படிச்சேன். நீங்க வேண்டாம்னுதான் எழுதியிருக்கீங்க."

"என்னை மன்னிச்சுக்குங்க. ஒளிச்சு வச்சு எழுதினது என் தப்பு."

"படிக்காதது என்ற தப்புங்க. ரெண்டு பேர நேத்தே கூப்பிட்டுட்டேன், வர்றம்னுட்டாங்க." குரல் தடுமாறியது. "மூணாவது ஆளு என்ற கூடப்பொறந்த தங்கச்சி. ஒரு வருசமா பேச்சுவார்த்தை இல்லீங்க. என்ன எழுதி அனுப்பறதுன்னு தெரியல. நீங்க எழுதறவங்களாச்சே, ரெண்டு வரி சொல்லுங்களேன்."

வான்மதி மைதிலியைப் பார்த்தாள். மைதிலி தன் ஹெட்ஃபோனிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எழுதாதீங்க," என்றாள் வான்மதி. "ரெண்டு வரியும் வேண்டாம். அவங்க வீடு எங்க இருக்கு?"

"அடுத்த சந்துதானுங்க."

"அப்ப போங்க."

"இப்பவேங்களா? போயி என்னன்னு சொல்றது?"

"எனக்குத் தெரியலீங்க. போங்க."

"வெச்சறாதீங்க. லைன்லயே இருங்க, பயமா இருக்குது," என்றாள் அந்தப் பெண்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். தறி ஓடுகிற சத்தம் வந்து, பின்னால் போனது. யாரோ எங்கே இந்த வெயிலில் என்று கேட்டார்கள், பதில் இல்லை. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. மேசையில் மற்ற பெண்கள் தங்கள் அழைப்புகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள், மைதிலி மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரும்புக் கேட்டின் கொக்கியை நீக்குகிற ஓசை. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

"அக்கா?" என்றது இன்னொரு குரல், தூரத்திலிருந்து.

வான்மதி பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்தாள்.